செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்ற கிறிஸ்மஸ் தாத்தா

கிறிஸ்மஸ் தாத்தாவை ஸ்கூட்டியில் பின்னால் உட்கார வைத்து ஓட்டியிருக்கிறீர்களா? நான் ஓட்டியிருக்கிறேன். சேலையூர் கேம்ப் ரோட்டில், டிசம்பர் மாதச் சாயங்கால நெரிசலில், முதுகில் ஒரு தலையணை இடிக்க இடிக்க ஓட்டியிருக்கிறேன். தலையணைதான் அவருடைய தொப்பை. ஆள் என்னவோ ஒல்லி. நான் பிரேக் போடும்போதெல்லாம் அந்தத் தொப்பை என்னை ஹேண்டில்பார் வரைக்கும் தள்ளும். "சாரி டீச்சர், வயிறு முன்னாடி வந்துச்சு" என்பார். சிக்னலில் நின்றால் பஸ்ஸில் இருக்கிற ஜனமெல்லாம் எட்டிப் பார்த்துக் கையாட்டும். அவரும் ஆட்டுவார். நான் ஹெல்மெட் கண்ணாடியைக் கீழே இறக்கி விட்டுக்கொண்டு, எனக்கும் இந்த மனுஷனுக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல நேரே பார்ப்பேன்.

நான் பள்ளியில் கணக்கு டீச்சர். சர்ச் பாட்டுக் குழுவில் ஆல்டோ பாடுகிறவள். வண்டி வைத்திருந்த ஒரே பாவத்துக்காகத் தாத்தாவை ஏற்றி இறக்கும் ஊழியம் என் தலையில் விழுந்தது. மற்றவர்கள் கீபோர்டோடும் டிரம்மோடும் வேனில் போவார்கள். இவர் வேனில் ஏற மாட்டார். "உள்ள எல்லாரும் எதிரும் புதிருமா குந்திகினு கீறாங்க டீச்சர்" என்றார் ஒருதரம். கால் நீட்ட இடமில்லை என்கிறார் போலிருக்கிறது என்று நான் விட்டுவிட்டேன். பத்தாங்கிளாஸ் பிள்ளைகளின் திருட்டு முழியைக் கூடக் கண்டுபிடித்துவிடும் எனக்கு இது புரியவில்லை பாருங்கள்.

வீடு வீடாகப் போய்ப் பாடும் அந்தச் சுற்றில் அவர்தான் ராஜா. முகமூடியை மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்தாரென்றால் அவ்வளவுதான். அழுகிற குழந்தை வாயை மூடும். சிரிக்காத மாமனார் சிரிப்பார். அந்தப் பக்கத்தில் பரம்பரையாக விவசாயம் பார்த்து, அப்புறம் நிலத்தை மனை போட்டு விற்ற ஒரு குடும்பம் உண்டு. இந்துக்கள். வருஷா வருஷம் முறுக்கு சுட்டு வைத்து எங்களுக்காகக் காத்திருப்பார்கள். ஒரு வருஷம் அந்த வீட்டம்மா, தண்ணீருக்குப் போர் போடப்போகிற இடத்தைக் காட்டி, தாத்தா அங்கே கொஞ்சம் ஆடினால் நன்றாக இருக்கும் என்றார். ஆடினார். தண்ணீர் கொட்டோ கொட்டென்று வந்துவிட்டது. அதோடு போயிற்றா? தெருவில் யார் போர் போட்டாலும் அந்தச் சிவப்புச் சட்டைக்காரரை அனுப்பி வையுங்கள் என்று எனக்குத்தான் போன் வரும்.

சட்டையைக் கழற்றிவிட்டால் அவர் வேறு ஆள். பம்மலில் தோல் பதனிடும் ஒரு ஷெட்டில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். அந்த நாற்றத்தில் எப்படித்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "தோலு நம்மளப் பார்க்காது டீச்சர். அதுக்குக் கண்ணு கெடயாது" என்றார். கல்யாண ரிசப்ஷனுக்கு வந்தால் மண்டபத்துக்குள் நுழையவே மாட்டார். பின்பக்கமாகச் சமையல்காரர்களிடம் போய், அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றபடி சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். சர்ச்சில் அவருக்கென்று ஓர் இடம் இருந்தது. உள்ளே அல்ல. வாசலில், செருப்புகள் விடும் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். பிரசங்கம் முழுவதையும் அங்கே நின்றே கேட்பார். எங்கள் சர்ச்சில் ஒரு செருப்புகூடக் காணாமல் போகாததற்கு அவர்தான் காரணம் என்று எல்லாரும் பெருமையாகச் சொல்வோம்.

அவருடைய ஒரே மகள் என் வகுப்பில் படித்தாள். ரேங்க் கார்டு வாங்க அப்பா வரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன். வந்தார். கேட்டோடு நின்றுகொண்டு வாட்ச்மேனை உள்ளே அனுப்பினார். வாட்ச்மேன் வந்து, "பொண்ணு கணக்குல எப்டினு கேக்கச் சொன்னாரு மிஸ்" என்றார். கோபம் கோபமாக வந்தது எனக்கு. வாட்ச்மேனுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்தா அனுப்ப முடியும்?

அவள் காலேஜுக்குப் போன பிறகும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. ஒரு டிசம்பரில் ஸ்கூட்டியில் போகும்போது நறுக்கென்று கேட்டுவிட்டேன், இவ்வளவு ஆட்டம் ஆடுகிறவருக்கு அன்றைக்கு ஸ்டாஃப் ரூம் வரை வர என்ன கேடு என்று. அவர் கொஞ்ச தூரம் போனதும் தலையணைக்குப் பின்னாலிருந்து வேறு எதையோ ஆரம்பித்தார்.

"எம் பொண்ணு பொறந்துச்சுனு நர்ஸம்மா வந்து சொன்னாங்கோ. எனக்கு மொதல்ல இன்னா ஞாபகம் வந்துச்சு தெரியுமா டீச்சர்? சர்ச்சுக்கு நடுவுல அந்த வழி. வாசல்ல இருந்து பாஸ்டர் நிக்கிற எடம் வரிக்கும். ஒரு நாளு அது கையப் புடிச்சுகினு நான் நடக்கணும். ரெண்டு பக்கமும் எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்கோ. இன்னா நீளம் பார்த்தீங்களா அது?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி காயுமுன்னே அதன் கல்யாணத்துக்குப் பயந்த மனுஷனை அன்றுதான் பார்த்தேன். அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அடுத்த வீடு வந்ததும், தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டுத்தான் வந்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இது நடக்கும். போகும்போது தொண்டை கட்டியிருக்கும், வரும்போது பளிச்சென்று திறந்திருக்கும். இருமல் மருந்து என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

அது என்ன மருந்து என்பது சர்ச் கமிட்டி செயலாளர் வீட்டில் வெளிவந்தது. அவருடைய பேத்தி, மிட்டாய் கொடுக்கிறவரைக்கும் பொறுக்காமல், தாத்தாவின் மூட்டைக்குள் தானே கையை விட்டது. மிட்டாயை விட்டுவிட்டுப் பளபளவென்றிருந்த ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்து உயர்த்திப் பிடித்து, எனக்கு இதுதான் வேண்டும் என்றது. கீபோர்டு நின்றது. டிரம் நின்றது. தாத்தா மட்டும் ஆடிக்கொண்டிருந்தார், அவருக்கு முகமூடியின் ஓட்டை வழியாகக் கீழே எதுவும் தெரியாது. யாராவது சொல்லுங்களேன் என்று நான் சுற்றிப் பார்த்தேன். எல்லாரும் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உடனே கமிட்டி கூடியது. பஜ்ஜியும் டீயும் வைத்துக்கொண்டு பெரிய பட்டிமன்றமே நடந்தது. குடிக்கிறதனால்தான் அவருக்கு மனசு கெட்டு ஆட்களைப் பார்த்துப் பயம் வருகிறது என்றார் செயலாளர். பயப்படுகிறதனால்தான் குடிக்கிறார் என்றார் பாட்டுக் குழுத் தலைவர். அவருடைய அப்பாவும் இப்படித்தான், இரண்டும் உண்டு, தன் கல்யாணத்துக்கே தாலி கட்டுகிற நேரம் தாண்டித்தான் வந்தாராம் என்று தாத்தாவின் மனைவி மெதுவாகச் சொன்னார். அந்த அக்கா ஒரு டெய்லர், சிவப்புச் சட்டை அவர் தைத்ததுதான். அவர் சொன்னதைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை, பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில், குடியை நிறுத்திவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று முடிவாயிற்று. ஜெபம் பண்ணினார்கள். இவரும் தலையை ஆட்டினார். கமிட்டியே எதிரில் உட்கார்ந்து பார்த்தால் எதற்குத்தான் தலையாட்ட மாட்டார்?

சொன்னபடி நிறுத்தவும் செய்தார், ஒரேயடியாக. கையும் காலும் உதறி, வேர்த்துக் கொட்டி, இல்லாத பூனைகளையெல்லாம் வீட்டைவிட்டு விரட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரொம்ப நாள் குடித்தவர் இப்படித் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று அங்கே எங்களை வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். பிழைத்து வந்தார். அதையெல்லாம் மறந்துவிட்டு, அடுத்த டிசம்பரில் செயலாளர் அவரை எல்லாருக்கும் முன்னால் நிறுத்தி, இந்த வருஷம் நம்முடைய தாத்தா பரிசுத்தமான தாத்தா என்று அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள்.

பரிசுத்தமான தாத்தா முதல் வீட்டு கேட் வரைக்கும் வந்தார். உள்ளே பிள்ளைகள் தாத்தா, தாத்தா என்று குதிக்கின்றன. இவர் கல்லாக நிற்கிறார். தொண்டை சரியில்லை என்று சொல்லவும் வழியில்லை. அப்போது தெருமுனையில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஒரே ஓட்டம். மூட்டையோடும் தொப்பையோடும் ஏறி உட்கார்ந்தார். ஆட்டோ போயே போய்விட்டது. ஏசுவே, எங்கள் தாத்தாவை யாரோ கடத்துகிறார்கள் என்று டிரம் வாசிக்கிற பையன் கத்தினான்.

எங்கே தேடுவது? நல்லவேளையாகச் சிவப்புச் சட்டையும் வெள்ளைத் தாடியுமாக ஒருத்தர் போனால் வழி கேட்பது சுலபம். தாம்பரத்தில் கேட்டேன், பல்லாவரம் பக்கம் கை காட்டினார்கள். பல்லாவரத்தில் கேட்டேன், பம்மல் என்றார்கள். ஷெட் பூட்டியிருந்தது. கடைசியில் ஒரு டீக்கடைக்காரர், "அவரு திருநீர்மலைக்கில்ல போனாரு" என்றார். ரங்கநாதர் கோயில் அடிவாரத்தில், படிக்கட்டுக்குப் பக்கத்தில், மற்றவர்களின் செருப்புகளுக்கு நடுவில் முகமூடியோடு உட்கார்ந்திருந்தார். கோயிலுக்கு வந்தவர்கள் யாரோ தொன்னையில் கொடுத்த புளியோதரை மடியில் இருந்தது. ஒரு குடும்பம் அவர் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. பூ விற்கும் அம்மா, எனக்கு ஒரு நிமிஷம்கூட யோசிக்க நேரம் தராமல், "உங்க ஆளா? கூட்டினு போம்மா. முகமூடிக்குள்ள அழுதுகினு கீறாரு" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். திட்டலாம் என்றுதான் வந்திருந்தேன். திட்டு வரவில்லை.

"யாராச்சும் என்னியப் பார்த்தாலே உள்ள ஒருத்தன் மோளம் அடிக்கிறான் டீச்சர்" என்றார். "சின்ன வயசுல இருந்தே அடிக்கிறான். சண்டே ஸ்கூல்ல எழுந்து வசனம் சொல்லுனு சொன்னாங்கோ, அப்பவே அடிச்சான். என் கல்யாணத்தன்னிக்கு சிநேகிதனுங்கோ ஒரு டம்ளர் ஊத்திக் குடுத்தானுங்கோ. மோளம் நின்னுச்சு. உலகமே கம்முனு ஆயிடுச்சு. அட, இவ்ளோதானா, மத்தவங்கல்லாம் இப்டித்தான் நிம்மதியா கீறாங்களானு நெனச்சேன். ஆனா காலைல பார்த்தா ரெண்டு பேர் அடிக்கிறானுங்கோ. அத நிறுத்த இன்னொரு டம்ளர். இப்போ குடிய நிறுத்துனு சொன்னீங்கோ. நிறுத்திட்டேன். மோளத்த நிறுத்த ஒருத்தரும் சொல்லித் தர்லியே."

பஜ்ஜி சாப்பிட்ட கமிட்டியில் நானும்தான் இருந்தேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் புளியோதரையைச் சாப்பிட்டோம், அருமையாக இருந்தது.

அதற்கப்புறம் ஆரம்பித்தது என் ஸ்கூட்டியின் சோதனைக் காலம். பயத்துக்காக ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப் போனேன். முதலில் குடியை முழுசாக விடட்டும், அப்புறம் மனசைப் பார்க்கலாம் என்றார் அவர். குடி மறக்க வைக்கும் இல்லம் ஒன்றுக்குக் கூட்டிப் போனேன். இவருக்கு மனசில் வியாதி இருக்கிறது, முதலில் அதைச் சரிபண்ணிக்கொண்டு வாருங்கள் என்றார்கள் அங்கே. இல்லம் டாக்டரைக் காட்ட, டாக்டர் இல்லத்தைக் காட்ட, ஜிஎஸ்டி ரோட்டில் மேலேயும் கீழேயும் போய் வந்ததில் அந்தச் சாலையின் குண்டு குழியெல்லாம் எனக்கு மனப்பாடம். நடுவில் அவர் மறுபடி குடிக்க ஆரம்பித்துவிட்டார். ஆரம்பிக்காமல் என்ன செய்வார்?

கடைசியில் கூடுவாஞ்சேரியில், மார்க்கெட்டுக்கு மேலே ஒரு மாடியில், ஒரு பெண் டாக்டர் கிடைத்தார். காத்திருக்கும் ஹாலில் கூட்டம். நம்மவர் வழக்கம்போல வாசல் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். பெயரைக் கூப்பிட்டும் நகரவில்லை. டாக்டர் என்ன செய்தார் தெரியுமா? அவரே வெளியே வந்து, செருப்பு ஸ்டாண்டின் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, இங்கேயே பேசலாமே என்றார். எங்கள் சர்ச்சில் இத்தனை வருஷமாக ஒருத்தருக்கும் தோன்றாத காரியம் அது.

எல்லாம் கேட்டுவிட்டு டாக்டர் சொன்னது எனக்கு இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"உங்க வீட்டுக் கீழ் போர்ஷன்ல பயம் குடியிருக்கு. அது கத்துது. அத அடக்குறதுக்கு மாடியில குடிய நீங்களே கூட்டிட்டு வந்து வெச்சீங்க. முதல்ல நல்ல வாடகைக்காரர் மாதிரிதான் தெரிஞ்சுது. இப்ப அது ராத்திரியெல்லாம் குழாயத் திறந்து விடுது, கீழ் வீட்டுச் சுவரெல்லாம் ஊறுது, கீழ இருக்கிறது இன்னும் ஜாஸ்தியா கத்துது. சிலருக்கு மாடிக்காரர்தான் முதல்ல வருவார். சிலருக்கு அப்பா கட்டின வீட்டிலயே ரெண்டு பேரும் இருப்பாங்க. யார் முதல்ல வந்தாங்கனு சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்ல. ஒருத்தர மட்டும் காலி பண்ண வெச்சா, மத்தவர் ரெண்டு பேர் கத்தலையும் சேர்த்துக் கத்துவார். ரெண்டு பேர்கிட்டயும் ஒரே நேரத்துல பேசணும்."

அவர் ரொம்ப யோசித்துவிட்டு, "அட்வான்ஸ் திருப்பித் தரணுமா மேடம்?" என்று கேட்டார். அந்த டாக்டர் சிரித்த சிரிப்பில் ஹாலில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தும் அவர் ஓடவில்லை.

மாத்திரையும் பேச்சுமாக வைத்தியம் நடந்தது. குடியைப் படிப்படியாக, பாதுகாப்பாக விட வைத்தார்கள். கூடவே வீட்டுப்பாடம் வேறு. முன்பின் தெரியாதவரிடம் மணி கேட்க வேண்டும். டீக்கடையில் நின்று டீயை முழுசாகக் குடிக்க வேண்டும். ஜவுளிக்கடைக்குள் போய்ப் புடவைகளை எடுத்துப் போடச் சொல்லி, ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு கடைக்குப் போனார். வேண்டாம் என்று சொல்லப் பயந்து, கைநிறையப் பைகளோடு திரும்பி வந்தார். அடுத்த வாரமும் அப்படியே. அக்காவுக்கு வைத்தியத்தின் மேல் அபார நம்பிக்கை வந்துவிட்டது. பின்னே, டெய்லர் வீட்டில் பீரோ கொள்ளாமல் புடவை!

மகள் படிப்பை முடித்ததும் அவளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் ஹாலில் உட்கார்ந்திருக்க, இவரைக் காணோம். வந்தபோது தொண்டை பளிச்சென்று திறந்திருந்தது. சம்பந்தியைக் கட்டிப்பிடித்து, ஹாலுக்கு நடுவில் தாத்தா ஆட்டம் முழுசையும் ஆடிக் காட்டினார். சிவப்புச் சட்டை இல்லாமல் அந்த ஆட்டத்தைப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது. இதோடு எல்லாம் பாழ் என்று அக்கா அழுதார். வழுக்கியது தெரிந்ததும் டாக்டர் கோபிக்கவில்லையாம். ஏணியில் ஒரு படி வழுக்கினால் ஏணியே இல்லாமல் போய்விடாது, மேலே ஏறுங்கள் என்றாராம்.

ஆனால் மகள் விடவில்லை. அவள் அப்பாவிடம் சொன்னபோது நான் அங்கே சமையலறையில் இருந்தேன்.

"சர்ச்ல நீதான் என் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். மாமா வேணாம், சித்தப்பா வேணாம். ஆனா குடிச்சிட்டு வந்தா நான் தனியா நடந்துக்குவேன்ப்பா."

அவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, எல்லாரும் போனபின், காலி சர்ச்சில் வாசலிலிருந்து பீடம் வரை தனியாக நடந்து பார்த்தார். பாதி வழியில் கூட்டிப் பெருக்கும் அம்மா நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான், திரும்பி வந்துவிட்டார்.

கல்யாணம் மே மாதத்தில். வெயில் மண்டையைப் பிளக்கிறது, மனுஷன் கோட்டு போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார். எங்கே? செருப்புகளுக்குப் பக்கத்தில். நான் கிட்டே போய் மூச்சை இழுத்துப் பார்த்தேன், வாசனை இல்லை. ஆனால் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. உள்ளே சர்ச் நிரம்பி வழிந்தது. ஆர்கன் ஆரம்பித்தது. எல்லாரும் எழுந்து வாசல் பக்கம் திரும்பினார்கள். மகள் வெள்ளைப் புடவையும் முகத்தை மூடிய நெட்டுமாக வந்து அவர் கையைப் பிடித்தாள். அவர் நகரவில்லை. ஆர்கன்காரர் முதலிலிருந்து மறுபடி வாசித்தார். அப்புறம் மறுபடி. இவர் கண் தெருமுனைப் பக்கம் போயிற்று. ஷேர் ஆட்டோவைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

மகள் என் பக்கம் திரும்பினாள். "மிஸ், உங்க ஸ்கூட்டி டிக்கில அந்த முகமூடி இருக்குமா?"

டிசம்பரிலிருந்து அங்கேதான் கிடந்தது, துடைக்கிற துணிக்கு அடியில். ஓடிப்போய் எடுத்து வந்தேன். கல்யாணத்தில் இப்படியா என்று நினைத்தாலும், இதைப் போட்டுக்கொண்டாவது அவர் நடக்கட்டும் என்றிருந்தது. அவரும் அப்படித்தான் நினைத்தார் போல, ரொம்ப நன்றியோடு கையை நீட்டினார். அவளோ அவர் கையைத் தட்டிவிட்டு, நெட்டைத் தூக்கி, முகமூடியைத் தன் முகத்தில் மாட்டிக்கொண்டாள். தாடியைச் சரிபண்ணிக்கொண்டாள்.

"இப்ப எல்லாரும் என்னைத்தான் பாப்பாங்க" என்றாள் உள்ளேயிருந்து. "உன்ன ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. வாப்பா."

போனார்கள். சர்ச் முழுவதும் ஒரே குரலில் "ஐயோ" என்றது. அப்புறம் யாரோ ஒருத்தர் சிரித்தார், அப்புறம் எல்லாரும். பாஸ்டர் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். செயலாளரின் பேத்தி பெஞ்சு மேல் ஏறி நின்று, தாத்தாவுக்குக் கல்யாணம், தாத்தாவுக்குக் கல்யாணம் என்று கூவியது. மாப்பிள்ளை மட்டும் பெருமையோடு நின்றுகொண்டிருந்தான், நல்ல பிள்ளை. அத்தனை கண்ணும் அந்த வெள்ளைத் தாடி மேலேயே இருந்தது. நான் ஒருத்திதான் பக்கத்தில் நடந்தவரைப் பார்த்தேன். முதலில் தரையைப் பார்த்து நடந்தார். அப்புறம் தலை நிமிர்ந்தது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். இத்தனை வருஷம் கூடவே இருந்த ஜனத்தை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிற மாதிரி இருந்தது.

பீடத்தருகே மகள் முகமூடியைக் கழற்றினாள். மேக்கப்பெல்லாம் வேர்வையில் கரைந்து வழிந்திருந்தது. பெண்ணைக் கொடுக்கிறவர் யார் என்று பாஸ்டர் கேட்டார். அதற்குள் எல்லாருடைய கண்ணும் அவர் மேல் திரும்பிவிட்டது, ஒளிந்துகொள்ள ஒன்றும் இல்லை. அவர் ஒருதரம் இருமினார்.

"நான்தான்" என்றார், வாசல் வரைக்கும் கேட்கும்படியாக.

கல்யாணம் முடிந்த கொஞ்ச காலத்தில் அவர்கள் மகளோடு கோயம்புத்தூர் பக்கம் போய்விட்டார்கள். வைத்தியம் அங்கேயும் தொடர்கிறதாக அக்கா போனில் சொல்வார். எங்கள் சர்ச்சில் இப்போது செருப்புகள் காணாமல் போகின்றன. ஆனால் அன்றைக்கு, மகளின் கையை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, முன் பெஞ்சில் அக்கா பிடித்து வைத்திருந்த இடத்தில் அவர் உட்காரவில்லை. அதே வழியில் திரும்பி, எல்லாரும் பார்க்கப் பார்க்க, வாசலில் நின்றிருந்த என்னிடம் வந்தார். ஓடப் போகிறார் என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அவ்ளோலாம் ஒண்ணும் நீளம் இல்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டு, மறுபடி அதே வழியில் நடந்து முன் பெஞ்சுக்குப் போனார்.